சந்தியாவின் காப்புக் கயிறு

திருப்பாலைவனம்
26.08.2024

வளர்மதிக்கு எப்சிபா டீச்சர் எழுதுவது.

போனில் கூப்பிட்டிருக்கலாம். பயமாக இருக்கிறது. இப்போதெல்லாம் நான் பேசுவது எதுவும் என்னோடு நிற்பதில்லை. காற்றடித்த அன்று வகுப்பில் பிள்ளைகளோடு நான் ஜெபம் பண்ணியதை யாரோ ஜன்னல் வழியாக வீடியோ எடுத்தார்களே, அது என் தங்கை வீட்டுக்காரரின் ஆபீஸ் குரூப் வரைக்கும் போய்விட்டது. அதனால்தான் கடிதம். மேரி அக்கா தீவுக்கு நண்டு எடுக்க வரும்போது உங்கள் கையிலேயே தருவார். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

விசாரணை முடியும் வரைக்கும் என்னை இங்கே மாற்றுப்பணியில் போட்டிருக்கிறார்கள். விசாரணை அடுத்த மாதம் இருபத்து நான்காம் தேதி. வட்டாரக் கல்வி அலுவலர் மனுவின் நகலை என்னிடம் கொடுத்தார். ஊர் சார்பில் எழுதிய மனு. முதல் கையெழுத்து உங்களுடையது.

மனுவில் இரண்டு குற்றம். வகுப்பறையில் பிள்ளைகளை ஜெபம் பண்ண வைத்தேன் என்பது ஒன்று. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். மற்றது, அம்மன் திருவிழாவுக்கு உங்கள் பெண் சந்தியா கையில் கட்டியிருந்த காப்புக் கயிற்றை வகுப்பில் வைத்துக் கத்திரிக்கோலால் அறுத்தேன், அதனால்தான் முகத்துவாரத்தில் உங்கள் படகு கவிழ்ந்தது, அதில் போன உங்கள் நாத்தனார் மகன் விக்கி செத்தான் என்பது.

விக்கிக்கு ஒன்றாம் வகுப்பில் அ, ஆ சொல்லிக் கொடுத்தவள் நான். அவன் சாவை என் தலையில் எழுதியிருக்கிறீர்கள்.

நான் எப்போது அறுத்தேன்? எந்தக் கிழமை? நீங்கள் பார்த்தீர்களா? முதல் குற்றத்துக்கு எச்சரிக்கையோடு விடலாம் என்கிறார்கள். இரண்டாவது நிரூபணமானால் வேலை போகும். மனுவின் நகல் போலீசுக்கும் போயிருக்கிறது. நேற்று மாலை இரண்டு பேர் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் வெளியே போய் "யாரு நீங்க?" என்றதும் சிரித்துவிட்டுக் கிளம்பினார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதில் எழுதுங்கள்.

எப்சிபா


தீவு
01.09.2024

டீச்சருக்கு,

என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். வந்த நாளிலிருந்து "வளர்மதி, இன்னாடி குழம்பு?" என்று கேட்டுக்கொண்டே படகிலிருந்து இறங்குகிறவர் நீங்கள்.

ஆனால் எனக்கும் கோபம் இருக்கிறது. கேளுங்கள்.

ஆடி ஞாயிறு முடிந்த மறுநாள் தூக்குவாளியில் கூழ் கொண்டு வந்து கொடுத்தேன். வயிறு சரியில்லை என்று சொன்னீர்கள். அன்றைக்கு மதியமே என் வீட்டு நெத்திலிக் குழம்பை இரண்டு முறை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டீர்கள். எனக்குப் புரியாதா? படைத்தது என்பதால் தொடவில்லை. போகட்டும் என்று விட்டேன். என் பெண் விடவில்லை. மறு ஞாயிறு படையல் போட்டபோது இலையைத் தள்ளிவிட்டு, "டீச்சர் இத சாப்ட மாட்டாங்க, எனக்கும் வாணாம்" என்றாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைக்கிறாள். அவள் நைனா சிரித்தார். என் நாத்தனார் திரௌபதி சிரிக்கவில்லை. "இன்னாடி வளர்மதி, வூட்ல கோயில மாத்திட்டியா?" என்றார்.

காப்பு விஷயம் உங்களுக்குத் தெரியும். தண்ணீரில் நனையக் கூடாது என்பதால் எங்கள் ஊரில் அதைப் படகுக்காரர் கட்டிக்கொள்வதில்லை. பூசாரி தரும் கயிற்றை அவரவர் வீட்டில் வைத்துப் பிள்ளைக்குக் கட்டுவோம். பிள்ளை கையில் அது இருக்கிறவரைக்கும் படகு பத்திரம். எங்கள் வீட்டில் சந்தியா.

படகு கவிழ்ந்து, விக்கியைக் கரையில் கிடத்தியிருந்தபோது, திரௌபதி அண்ணி எழுந்து வந்து சந்தியாவின் கையைப் பிடித்துத் தூக்கினார். கை வெறுமையாக இருந்தது. "எங்கடீ காப்பு?" என்றார். பெற்ற ஒரே பிள்ளையைப் பிணமாகப் போட்டுவிட்டுக் கேட்கிறார். ஊரே என்னைப் பார்க்கிறது. "பள்ளிக்கூடம் போகும்போது இருந்துச்சே அண்ணி" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. கத்திரிக்கோல் என்று நான் சொல்லவில்லை. அதெல்லாம் ஊர் சொல்லிக்கொண்டது. வீடியோவும் அப்போதுதான் வந்தது.

கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். முகத்துவாரத்தில் வீட்டுக்கு வீடு முறை வைத்துத்தானே வலை போடுகிறோம், ஐப்பசியில் எங்கள் முறை வருகிறது. கையெழுத்து இல்லையென்றால் அந்த முறையை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவோம் என்று பஞ்சாயத்தில் சொன்னார்கள். படகு கவிழ்ந்ததில் இவர் கால் நசுங்கிப் படுத்திருக்கிறார். ஆள் வைத்தாவது அந்த ஒரு மாதம் வலை போட்டால்தான் அடுத்த ஆடி வரைக்கும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

வளர்மதி


திருப்பாலைவனம்
07.09.2024

வளர்மதி,

சரி, நீ என்றே எழுதுகிறேன். எனக்கும் அதுதான் வருகிறது.

கூழ் விஷயம் உண்மை. வயிறு நன்றாகத்தான் இருந்தது. படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே வீட்டில் பழக்கியிருக்கிறார்கள், கை நீளவில்லை. உன் மனம் நோகக் கூடாது என்று பொய் சொன்னேன், சந்தியா முன்னாலேயே சொன்னேன். பிள்ளைகள் நாம் சொல்லிக் கொடுப்பதை விட்டுவிடுகிறார்கள், நாம் செய்வதைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்காக என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

படகு கவிழ்ந்த அன்றைக்கு அடித்த காற்றில் கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஆடியது. எல்லாப் பிள்ளைகளின் அப்பாக்களும் தண்ணீரில். "நைனா, நைனா" என்று கத்துகிறார்கள். கண்ணை மூடுங்கள் என்றேன், வாய்விட்டு ஜெபித்தேன். அரசுப் பள்ளிக்கூடத்தில் அப்படிச் செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும். அப்போது தோன்றவில்லை. ஆனால் நம் ஹெட்மாஸ்டர் தருமலிங்கம் சார் வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பு வகுப்பாக வந்து விபூதி வைக்கிறாரே, எந்த வீட்டுப் பிள்ளை என்றா பார்க்கிறார்? அதை ஒருவரும் வீடியோ எடுக்கவில்லை. அவரைச் சொல்லி நான் தப்பிக்க நினைக்கவில்லை. வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

சபையில் பாஸ்டரிடம் போய் விசாரணை அன்று யாராவது கூட வர முடியுமா என்று கேட்டேன். "காலம் சரியில்லம்மா, அமைதியா இருங்க, ஜெபிக்கிறோம்" என்றார். கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைக் கழற்றி அரிசி டின்னில் போட்டுவிட்டேன். அதைக் கழற்றும்போது அழுகை வந்துவிட்டது, வளர்மதி. யாருக்குப் பயந்து இதைச் செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். திருவிழா முடிந்து பள்ளி திறந்த அன்றைக்குப் பிள்ளைகள் எல்லோரும் மஞ்சள் கயிற்றை என்னிடம் நீட்டி நீட்டிக் காட்டினார்கள். சந்தியா காட்டவில்லை. அவள் கையில் ஒன்றும் இல்லை. "உனக்கு இல்லையா?" என்று கேட்டதற்கு மேசைக்குக் கீழே கையை விட்டுக்கொண்டாள்.

நீ அவளுக்குக் காப்பு கட்டினாயா?

எப்சிபா


தீவு
14.09.2024

டீச்சர்,

கட்டவில்லை.

எழுதிவிட்டேன். இப்போது இந்தக் காகிதத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

காப்பு கட்ட வேண்டிய அன்றைக்குக் காலையில், வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அழுதாள். இவர் கரையிலிருந்து கத்துகிறார், விக்கி டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். சாயங்காலம் கட்டிக்கொள்ளலாம் என்று கயிற்றை அடுப்பு மேடையில் உப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். சாயங்காலம் அவள் தூங்கிவிட்டாள். மறுநாள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கின வலை கிழிந்து வந்தது, அதைத் தைக்க உட்கார்ந்தேன். அப்புறம் மறந்தே போனேன். யாராவது கேட்டால் கட்டியாச்சு என்று சொல்லிவிட்டேன், யாரும் அவள் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை. படகு கவிழ்ந்த அன்றைக்குத்தான் அந்தக் கயிறு நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு ஓடிப் போய் அடுப்பில் போட்டு எரித்துவிட்டு, அதற்கப்புறம்தான் கரைக்குப் போனேன்.

இது இவருக்குக்கூடத் தெரியாது. திரௌபதி அண்ணிக்குத் தெரிந்தால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அம்மன் காப்பாற்றவில்லை என்று அவர் சொல்லமாட்டார், வளர்மதி என் பிள்ளையைக் கொன்றாள் என்று சொல்வார். எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது டீச்சர். நீங்கள் இதை நம்பமாட்டீர்கள். நான் நம்புகிறேன்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. விசாரணையில் பிள்ளையையும் கேட்பார்களாம். அதனால் பஞ்சாயத்து ஆட்கள் தினமும் வந்து சந்தியாவுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். "டீச்சர் இன்னா பண்ணாங்க? கத்திரிக்கோல் எங்க வச்சிருந்தாங்க? வலிச்சுதா?" என்று கேட்டுக் கேட்டு, அவள் சொன்னால் கேக் வாங்கித் தருகிறார்கள். முதலில் "கயிறே இல்லியே" என்றாள். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "கொழந்த மறந்துடுச்சு" என்றேன். அதிலிருந்து அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நேற்று அவளுக்குத் தலை வாரும்போது யாரும் கேட்காமல் அவளாகவே, "அம்மா, செவப்புக் கைப்பிடி போட்ட கத்திரிக்கோல்ம்மா. இங்க பட்டு வலிச்சுது" என்று மணிக்கட்டைக் காட்டினாள். சிவப்புக் கைப்பிடி என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "நிஜமாவா?" என்றேன். "எனக்கு ஞாபகம் கீதும்மா" என்கிறாள். பொய் சொல்கிற முகம் இல்லை டீச்சர் அது. பெற்றவளுக்குத் தெரியாதா?

சீப்பைக் கீழே போட்டுவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நீங்கள் ஆபீசரிடம் காட்டலாம். காட்டினால் உங்கள் வேலை தப்பும். நான் இந்த ஊரில் இருக்க முடியாது. இருந்தும் எழுதினேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

வளர்மதி


திருப்பாலைவனம்
17.09.2024

வளர்மதி,

உன் கடிதத்தை எரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஸ்டீபன் பார்த்திருந்தால் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போயிருப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் இரண்டு பேருக்கும் என் சம்பளம்தான் சோறு. அவருக்குத் தெரிவதற்கு முன்னால் எரித்தேன். எரித்த பிறகு, ஐயோ என்ன காரியம் செய்தேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அதனால் என்னைப் பெரிய மனுஷி என்று நினைத்துவிடாதே. வெளிப்படையாகவே கேட்கிறேன்: நீ வந்து உண்மையைச் சொல். எனக்கு வேறு யாரும் இல்லை. பிள்ளை சிவப்புக் கைப்பிடி என்று சொன்னால் அந்த அதிகாரி நம்பாமல் என்ன செய்வார்? என் மேசையில் இருந்த கத்திரிக்கோலுக்குச் சிவப்புக் கைப்பிடிதான். கலர் பேப்பர் வெட்ட தினமும் அதை எடுப்பேன், அவள் முன் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

முடிந்தால் அவளை அழைத்து வராதே. காய்ச்சல் என்று சொல். என்னை வெறுக்கட்டும், பரவாயில்லை. ஆனால் நடக்காத வலியை ஒரு பிள்ளை ஆயுசுக்கும் சுமக்க வேண்டுமா?

சேச்சே, அதுகூட முழு உண்மை இல்லை. அவள் வந்தால் நான் தொலைந்தேன். அதுதான் முதல் பயம். மற்றதெல்லாம் அப்புறம்.

பைக்கில் வந்த அந்த இரண்டு பேரும் மறுபடி வந்தார்கள். இந்த முறை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

எப்சிபா


தீவு
29.09.2024

டீச்சர்,

விசாரணை அன்று உங்களை வேறு அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அதனால் உள்ளே என்ன நடந்தது என்று நீங்கள் என் வாயால் கேட்க வேண்டும்.

சந்தியாவை அழைத்து வராமல் இருக்க முடியவில்லை. எனக்கு முன்னால் அவளைத் தூக்கிப் படகில் வைத்துவிட்டார்கள். ஆபீசர் அம்மா நல்ல மாதிரிதான். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "பயப்படாத, என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். அவள் எல்லாம் சொன்னாள். கத்திரிக்கோல், சிவப்பு, வலி, நீங்கள் கயிற்றைக் குப்பைக் கூடையில் போட்டது. குப்பைக் கூடை புதுசு, எனக்கே அன்றுதான் தெரியும். சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. ஆபீசர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்கதான் காப்பு கட்டினீங்களா? எந்தக் கையில?" என்றார்.

ஜன்னலில் ஊர் நின்றது. திரௌபதி அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன் டீச்சர், சாமி சத்தியமாக. அப்போது சந்தியா தன் இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "எந்தக் கைம்மா?" என்று என்னிடம் கேட்டாள். வலித்த கை எது என்று என்னைக் கேட்கிறாள். நான் சொல்கிற கையில் இனிமேல் ஆயுசுக்கும் அவளுக்கு வலிக்கும் என்று தோன்றியது.

"கட்டவே இல்லிங்கம்மா" என்றேன். "நான் கட்டவே இல்ல. டீச்சர் எத அறுப்பாங்க?"

ஆபீசர் அம்மா மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்கள். ஜன்னல் பக்கம் நான் திரும்பவில்லை.

திரும்பி வரும்போது படகில் என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணி மட்டும் இறங்கும்போது, "அன்னிக்கும் டீசல் கேன் தூக்கினு ஓடுனான் எம் புள்ள" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் எங்கள் வாசல் வழியாக அவர் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார். ஐப்பசி வலை முறையை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கடையில் அரிசி கேட்டால் காதில் விழாத மாதிரி இருக்கிறார்கள். இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். "அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா நான் படகை எடுத்திருப்பேனா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார்.

சந்தியா என்னோடு பேசுவதில்லை. "நீ பொய் சொன்ன, எனக்கு வலிச்சுது" என்று மட்டும் சொன்னாள்.

ஒரே ஒரு நல்ல சேதி. காப்பு விஷயம் தள்ளுபடியாம், ஜெபத்துக்கு எச்சரிக்கை மட்டும்தானாம். காலாண்டு லீவு முடிந்து வருகிற ஏழாம் தேதி, திங்கட்கிழமை, உங்களை மறுபடி இங்கேயே போட்டிருக்கிறார்கள் என்று தருமலிங்கம் சார் சொன்னார். முதல் படகில் வந்துவிடுங்கள் டீச்சர். நான் துறையில் நிற்கிறேன். இந்த ஊரில் என்னோடு வாய் திறந்து பேச ஒரு ஆள் வேண்டும். சந்தியாவையும் நீங்கள்தான் சரி பண்ண வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்.

வளர்மதி


திருப்பாலைவனம்
04.10.2024

வளர்மதி,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நேற்று பழவேற்காட்டுத் துறை வரைக்கும் வந்தேன். திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு முறை வந்து பார்த்துவிடலாம், பழகிவிடும் என்று நினைத்தேன். உங்கள் தீவுப் படகு நின்றது. படகுக்காரர் என்னைத் தெரிந்தவர்தான், என்னைப் பார்த்ததும் கயிற்றை அவிழ்ப்பதை நிறுத்திவிட்டு நின்றார். ஏறு என்றும் சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அதில் என்னிடம் படித்தவள் ஒருத்தி. அவள் மடியில் இருந்த பிள்ளையின் முகத்தை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். ஒரு காலைத் தூக்கிப் படகில் வைத்தேன். அடுத்த கால் வரவில்லை. பிறகு காலை எடுத்துக்கொண்டேன். படகு போய்விட்டது.

அங்கே வகுப்பில் ஒரு பிள்ளை விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டால் நான் தொடலாமா? ஒரு பிள்ளையின் நகத்தை வெட்டலாமா? சந்தியா முன் பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்ப்பாளே, நான் எங்கே பார்ப்பேன்? இதையெல்லாம் யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

இன்று காலை ஆபீசுக்குப் போய், எனக்கு அந்தப் பள்ளி வேண்டாம், வேறு எங்கே போட்டாலும் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உடனே சம்மதித்தார்கள். அவர்களுக்கும் அதுதான் வசதி போலிருக்கிறது. தூரத்து ஒன்றியத்தில் ஒரு பள்ளி. ஊர்ப் பேரைச் சொல்லவில்லை, கேட்காதே.

நீ எனக்காக என்ன இழந்தாய் என்று எனக்குத் தெரியும். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். நீ சொல்லவில்லை. நீ காப்பாற்றிக் கொடுத்த வேலையை எடுத்துக்கொண்டு நான் ஓடுகிறேன். எனக்குப் பயம் வளர்மதி, வேறு காரணமே இல்லை.

இதை மேரி அக்கா சனிக்கிழமைக்குள் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் நீ துறைக்கு வராதே. ஊர் பார்க்க அங்கே நிற்காதே. அந்தப் படகில் நான் இருக்கமாட்டேன்.

எப்சிபா